பத்து மணிக்குள்ள ஆறு பன்

மாப்பிள்ளை: மாமா, போதும் எடுங்க. ஊறினது போதும்.

மாமனார்: இருங்க மாப்பிள்ளை. இன்னும் குமிழி வருது.

மாப்பிள்ளை: குமிழி வந்தா என்ன?

மாமனார்: குமிழி நின்னாத்தான் உள்ள வரைக்கும் நனைஞ்சிருக்குன்னு அர்த்தம். செங்கல்லைத் தண்ணித் தொட்டியில போட்டா அப்படித்தான் பார்ப்போம். நாப்பது வருஷம் கொத்து வேலை பார்த்தவன் சொல்றேன்.

மாப்பிள்ளை: இது செங்கல் இல்லை மாமா. பன்.

மாமனார்: நனையிற சாமான் எல்லாம் ஒண்ணுதான். செங்கல்லைக் காஞ்சபடியே வச்சா கலவையில இருக்கிற தண்ணியை அது குடிச்சிடும். அப்புறம் சுவர் நிக்காது.

மாப்பிள்ளை: இது நிக்க வேண்டாம். தட்டுல படுத்தா போதும்.

மாமனார்: ...நின்னுடுச்சு. பாருங்க, குமிழி நின்னுடுச்சு. இப்ப எடுங்க.

மாப்பிள்ளை: எதை எடுக்கறது?

மாமனார்: பன்னைத்தான்.

மாப்பிள்ளை: பன் எங்க இருக்கு? முட்டை, பால், பன் எல்லாம் ஒண்ணா சேர்ந்துடுச்சு மாமா. கரண்டியில அள்ளலாம். வேணும்னா பூசலாம்.

மாமனார்: மட்டமான பன்னா இருக்கும்.

மாப்பிள்ளை: ரொம்ப நல்ல பன். அதான் பிரச்சினை. தலையணை மாதிரி இருக்கு. பிரெஞ்ச் டோஸ்ட்டுக்குக் கொஞ்சம் காஞ்சிருந்தா நல்லதுன்னு யூடியூப்ல போட்டிருந்தான். பேக்கரிக்காரர்கிட்ட ‘நேத்து பன் ஏதாவது இருக்கா’ன்னு கேட்டேன். கடையில நாலு பேர் நிக்கிறாங்க. மனுஷன் முகமே மாறிடுச்சு. என்னைப் பார்க்காம அந்த நாலு பேரையும் பார்த்து, ‘எங்க கடையில பழசே விக்கறதில்லை’ங்கிறார்.

மாமனார்: துண்டு போட்ட ரொட்டி வாங்கியிருக்கலாமே.

மாப்பிள்ளை: தீர்ந்துபோச்சு. இந்த நீள இனிப்பு பன்தான் இருந்துச்சு. பாக்கெட்டுக்கு ஆறு. இப்ப நாலு.

மாமனார்: நாலு போதும். ஒரு ஆளுக்குத்தானே?

மாப்பிள்ளை: மணி என்ன?

மாமனார்: எட்டு நாப்பது. பாப்பா பத்துக்குத்தான் வருவா.

மாப்பிள்ளை: பத்துன்னு உங்க பொண்ணு வாயாலயே சொன்னாளா?

மாமனார்: சொன்னா.

மாப்பிள்ளை: வந்து?

மாமனார்: அதான் வாசல்லயே சொன்னேனே. மிச்ச துணிமணி, சர்டிபிகேட்டு எல்லாம் எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணுமாம்.

மாப்பிள்ளை: இன்னொரு தடவை சொல்லுங்க.

மாமனார்: எதுக்கு?

மாப்பிள்ளை: வேற மாதிரி ஏதாவது காதுல விழுதான்னு பார்க்கிறேன்.

மாமனார்: அதேதான் மாப்பிள்ளை. சர்டிபிகேட்டு, துணிமணி. முட்டையை உடைங்க.

மாப்பிள்ளை: சர்டிபிகேட் எடுக்கறான்னா வேற ஊர் வேலைக்கு எழுதிப் போடப் போறாளோ?

மாமனார்: பெரிய லேப்ல வேலை பார்க்கிற பொண்ணு. எந்த ஊர்ல ரத்தம் எடுக்கலை? எங்க போனாலும் பொழைச்சுப்பா.

மாப்பிள்ளை: நீங்க எனக்கு ஆறுதல் சொல்றீங்களா, இல்லை...

மாமனார்: முட்டை ஓடு உள்ள விழுந்துடுச்சு பாருங்க.

மாப்பிள்ளை: விழட்டும். மாமா, நான் நேராவே சொல்லிடறேன். இன்னைக்கு அவ பீரோவைத் திறக்கறதுக்குள்ள தட்டை அவ கையில கொடுத்துடணும். தட்டு கையில இருந்தா உட்காருவா. உட்கார்ந்தான்னா நான் பேசிடுவேன். நின்னுகிட்டு இருக்கிற ஆள்கிட்ட எனக்குப் பேச வராது.

மாமனார்: தையல் கடையில நிக்கிற ஆளுக்குத்தானே தினமும் அளவு எடுக்கறீங்க?

மாப்பிள்ளை: அளவுதான் எடுக்கறேன். பேசறதில்லை. கையைத் தூக்குங்க, திரும்புங்க, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச பேச்சு. அவகிட்டேயும் ஏழு வருஷமா அந்த அளவுதான் பேசியிருக்கேன்னு நினைக்கிறேன்.

மாமனார்: சரி, எதுக்கு இந்த டோஸ்ட்டு? தெரிஞ்சதா ஒண்ணு செய்யலாமே.

மாப்பிள்ளை: தெரிஞ்சதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே? கல்யாணமான புதுசுல ஒரு ஓட்டல்ல தங்கினோம். காலையில இதைக் கொடுத்தாங்க. அவ தட்டுல ஒரு பொடி விடலை. ‘வீட்ல யாராவது இப்படி செஞ்சு குடுத்தா எவ்வளவு நல்லா இருக்கும்’னா. நானும் ‘ஆமா’ன்னேன்.

மாமனார்: அப்புறம்?

மாப்பிள்ளை: அப்புறம் என்ன? வீட்ல யாராவதுன்னா நாங்க ரெண்டு பேர்தானே இருக்கோம். அவ தன்னைச் சொல்லியிருக்க மாட்டா. கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு ஏழு வருஷம் ஆயிருக்கு.

மாமனார்: ...பால் போதுமா?

மாப்பிள்ளை: ரெண்டு முட்டைக்கு அரை கப். சர்க்கரை வேண்டாம், பன்லயே இருக்கு. ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத் தூள். மாமா, அந்த டப்பா இல்லை. அது மிளகாய்த் தூள்.

மாமனார்: ரெண்டும் சிவப்பாத்தானே இருக்கு.

மாப்பிள்ளை: ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பழுப்பு.

மாமனார்: கண்ணாடி போடலை.

மாப்பிள்ளை: கண்ணாடி உங்க மூக்கு மேல இருக்கு.

மாமனார்: இது கிட்டத்துல பார்க்கிற கண்ணாடி இல்லை.

மாப்பிள்ளை: அந்த அளவு நாடாவை எடுங்க. டேபிள் மேல, கத்தரிக்கோல் பக்கத்துல.

மாமனார்: பன்னுக்கா அளவு எடுக்கப் போறீங்க?

மாப்பிள்ளை: ஒரு இஞ்ச் கனம்னு போட்டிருக்கான். மெலிசா வெட்டினா ஊறினதும் கிழிஞ்சிடும். ரெண்டு பன்னையும் மூணு மூணா வெட்டறேன். கடைசித் துண்டு ரெண்டும் தையலுக்கு விட்ட துணி மாதிரி. கணக்குல சேர்க்க வேண்டாம்.

மாமனார்: சுத்தமா வெட்டறீங்க மாப்பிள்ளை. அது மட்டும் சொல்லணும்.

மாப்பிள்ளை: இப்ப முக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. திருப்பி... ஒண்ணு, ரெண்டு, மூணு. குமிழி வந்துகிட்டுத்தான் இருக்கு, ஆனா எடுத்துடறேன். நீங்க வருத்தப்படக் கூடாது.

மாமனார்: உங்க சுவரு, உங்க இஷ்டம்.

மாப்பிள்ளை: அத்தை என்ன சொல்றாங்க மாமா? என்மேல ரொம்பக் கோவமா?

மாமனார்: தெரியலை.

மாப்பிள்ளை: கேக்கலையா நீங்க?

மாமனார்: வெண்ணெய் உருகிடுச்சு பாருங்க.

மாப்பிள்ளை: அவ ஏன் உங்க வீட்டுக்கு வந்தான்னாவது அத்தை உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே.

மாமனார்: எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. பஸ்ல இருந்து இறங்கி வந்தா. செருப்பைக் கழட்டினா. அம்மாவும் பொண்ணும் உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் கட்டின சுவர்ல நானே வச்ச கதவு, சந்து கிந்து ஒண்ணும் விடலை. ஒரு சத்தம் வெளியே வரலை. நீங்க போன் பண்ணீங்களா அவளுக்கு?

மாப்பிள்ளை: இல்லை.

மாமனார்: பத்து நாளா ஒரு தடவை கூடவா?

மாப்பிள்ளை: இல்லைங்கிறேன்ல... மாமா, கீழே ஆட்டோ சத்தமா அது?

மாமனார்: இருக்கும்.

மாப்பிள்ளை: ஒரு நிமிஷம் பார்த்துக்கோங்க. ஜன்னல்ல பார்த்துட்டு வந்துடறேன். தீ சின்னதாவே இருக்கட்டும். தொடாதீங்க.

மாமனார்: போங்க போங்க. நான் இருக்கேன்.

மாப்பிள்ளை: ...அவ இல்லை. மூணாவது மாடிக்காரர். கைல ஒரு கோழிக்கூண்டு வேற, எதுக்கோ தெரியலை. என்னை அண்ணாந்து பார்த்து சிரிச்சார், நானும்... மாமா. என்ன இது?

மாமனார்: என்னது?

மாப்பிள்ளை: புகை.

மாமனார்: ஆமா, கொஞ்சம் வருது.

மாப்பிள்ளை: அடுப்பு பட்டன் முழுசாத் திரும்பியிருக்கு.

மாமனார்: நிறம் வரலையேன்னு லேசாத் திருப்பினேன். லேசாத்தான்.

மாப்பிள்ளை: நிறம் வந்துடுச்சு. இதுக்கு மேல ஒரு நிறம் கிடையாது. மாமா, இனிப்பு பன். சர்க்கரை இருக்கு. சூடு கூடினா வெளியே கருகும், உள்ள பச்சையா நிக்கும். பாருங்க, மேல கரி, உள்ள பால் ஒழுகுது.

மாமனார்: தப்புதான்.

மாப்பிள்ளை: ஆறு துண்டும் போச்சு. பக்கத்து வீட்டம்மா ஜன்னலைச் சாத்தறாங்க.

மாமனார்: சரி விடுங்க. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு இது வேண்டாமே. அவ பாட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போகட்டும். ஒரு மாசம் அங்கேயே இருக்கட்டும். கோவமும் ஆறும். நீங்களும் நிதானமா இதைக் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும். அவசரமா பூசின சுவர் வெடிச்சிடும் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: ஒரு மாசமா?

மாமனார்: ரெண்டு மாசம்னாலும் எங்களுக்கு ஒண்ணும் பாரமில்லை.

மாப்பிள்ளை: பாரமில்லை சரி. எனக்கு? காலையில எழுந்தா ஒரு டம்ளர் கழுவறேன். ராத்திரி வந்து அதே டம்ளரைக் கழுவறேன். பத்து நாளா இந்த வீட்ல அழுக்காகிற ஒரே சாமான் அந்த டம்ளர்தான். சட்டியைத் தேய்க்கணும். அந்த நாரைக் கொடுங்க.

மாமனார்: கொண்டாங்க, நான் தேய்க்கறேன். காஞ்ச சிமெண்டையே சுரண்டின கை. நீங்க சொல்லுங்க. பாப்பா எதுக்குத்தான் வந்தா?

மாப்பிள்ளை: நான் என் வாயால சொல்லணுமா?

மாமனார்: வேற யாரும் எனக்குச் சொல்ல மாட்டாங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: ...அவளுக்குக் காய்ச்சல்.

மாமனார்: அது தெரியும். வந்தப்ப உடம்பு அனலா இருந்துச்சு.

மாப்பிள்ளை: மூணு நாள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். கடையில முன்னூறு யூனிஃபார்ம் நிக்குது. முதல் நாள் ‘மாத்திரை போட்டியா’ன்னு கேட்டேன். ரெண்டாவது நாள் கேட்டேனான்னு ஞாபகம் இல்லை. கேட்டிருக்க மாட்டேன்.

மாமனார்: மூணாவது நாள்?

மாப்பிள்ளை: நான் கிளம்பும்போது ‘வாய்க்கு சூடா ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்’னா. எனக்கு நேரம் ஆயிடுச்சு. கீழே போய் ஒரு பாக்கெட் பன் வாங்கிட்டு வந்து தலைமாட்டுல வச்சேன். ‘சாப்பிடு’ன்னு சொன்னேனா, அதையும் சொல்லலையான்னு தெரியலை. வச்சிட்டுப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா பாக்கெட் அப்படியே இருக்கு. பிரிக்கலை. ஆளைக் காணோம். ஒரு சீட்டு. ‘அம்மா வீட்டுக்குப் போறேன். சூடா சாப்பிடணும்.’ அவ்வளவுதான். ஒரு திட்டு கூட இல்லை.

மாமனார்: அந்தக் காய்ச்சலோட பஸ்ல தனியா வந்திருக்கா.

மாப்பிள்ளை: ஆமா மாமா.

மாமனார்: உங்களை ஒரு அறை விடணும் போல இருக்கு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: விடுங்க.

மாமனார்: கையெல்லாம் கரி.

மாப்பிள்ளை: பரவாயில்லை.

மாமனார்: ...சட்டி வெளுத்துடுச்சு. பிடிங்க.

மாப்பிள்ளை: எனக்கு வெக்கமா இருக்கு மாமா. பாக்கெட்டைப் பார்த்ததும் என்ன தோணுச்சு தெரியுமா? ‘பன் வீணாப் போகுமே’ன்னு தோணுச்சு. அதுக்கப்புறம்தான் ஆள் இல்லைங்கிறதே உறைச்சுது.

மாமனார்: உறைச்சுதே. சில பேருக்கு அதுவும் இல்லை.

மாப்பிள்ளை: மணி?

மாமனார்: ஒன்பது அஞ்சு.

மாப்பிள்ளை: ரெண்டு பன் இருக்கு. இதை முதல்ல காய வைக்கணும். ஓவன் நம்மகிட்ட இல்லை. வெயில்ல வச்சா காக்கா. ஃபேனுக்குக் கீழ வச்சா மதியம் ஆயிடும்.

மாமனார்: ஈரத் துணியை அவசரத்துக்கு என்ன பண்ணுவீங்க கடையில?

மாப்பிள்ளை: இஸ்திரி போடுவேன்.

மாமனார்: ...

மாப்பிள்ளை: மாமா, நான் சும்மா சொன்னேன்.

மாமனார்: நான் ஒண்ணும் சொல்லலையே.

மாப்பிள்ளை: ...கீழேயும் மேலேயும் தாள் வைக்கணும். பேட்டர்ன் வெட்டற தாள் இருக்கு. புதுசு, சாக்பீஸ் படாதது. அமுக்கக் கூடாது. சும்மா மேல தொட்டுத் தொட்டு எடுக்கணும்.

மாமனார்: சூடு எவ்வளவு? பருத்திக்கு வைக்கிறதா?

மாப்பிள்ளை: பருத்தின்னா கருகிடும். பட்டு.

மாமனார்: பட்டுக்கு இருக்கட்டும்.

மாப்பிள்ளை: யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?

மாமனார்: அதான் அந்தம்மா ஜன்னலைச் சாத்திட்டாங்களே.

மாப்பிள்ளை: ...ஆவி வருது பாருங்க. தாள்ல ஈரம் ஏறுது. மாமா, இது வேலை செய்யுது. தொட்டுப் பாருங்க, மேல முறுக்கா இருக்கு, உள்ள மெத்துன்னு இருக்கு.

மாமனார்: ம்.

மாப்பிள்ளை: உங்க வீட்ல நல்லா சாப்பிட்டாளா அவ?

மாமனார்: நல்லா சாப்பிட்டா. மூணு நாள் கஞ்சி, அப்புறம் எல்லாமே. வீடே மாறிப்போச்சு மாப்பிள்ளை. காலையிலயே ரேடியோ ஓடுது. மேசையில மூணு தட்டு. முந்தாநாள் உங்க அத்தை சிரிச்சா.

மாப்பிள்ளை: அத்தை சிரிச்சதை ஏன் இப்படி சொல்றீங்க? எப்பவும் சிரிக்கிறவங்கதானே.

மாமனார்: எப்பவும் சிரிக்கிறவதான். பாப்பா ஏதோ சொன்னா, நான் அடுத்த ரூம்ல இருந்தேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு உப்பு போதுமான்னு வேற கேட்டாங்க.

மாப்பிள்ளை: அத்தையா?

மாமனார்: பாப்பாதான் கேட்டா. போதும்னு சொன்னேன். போதலை, இருந்தாலும் போதும்னு சொன்னேன்.

மாப்பிள்ளை: இப்ப முக்கறேன். நீங்க அந்த நாற்காலியில உட்காருங்க.

மாமனார்: நிக்கறேனே.

மாப்பிள்ளை: உட்காருங்க மாமா. உங்க கால் வலிக்கும். என் அடுப்பும் பிழைக்கும்.

மாமனார்: ஒரு தடவை கை தவறினதுக்கு...

மாப்பிள்ளை: ஒண்ணு, ரெண்டு, மூணு. திருப்பி. காஞ்சதால நல்லாக் குடிக்குது, ஆனா உடையலை. வெண்ணெய் போட்டாச்சு. தீ இதோ, பட்டுக்கு வைக்கிற சூடு. நுரை வரணும், புகை வரக் கூடாது... மாமா, கை எங்க போகுது?

மாமனார்: பட்டன்ல வெண்ணெய் தெறிச்சிருக்கு. துடைக்கலாம்னு.

மாப்பிள்ளை: நான் அப்புறம் துடைச்சுக்கறேன். வாசனை வருதா?

மாமனார்: வருது.

மாப்பிள்ளை: திருப்பறேன். கடவுளே... மாமா, இந்த நிறத்தைப் பாருங்க.

மாமனார்: பார்த்தேன்.

மாப்பிள்ளை: ஓரத் துண்டு ரெண்டு இருக்கு. ஒண்ணை நீங்க சாப்பிட்டுப் பாருங்க. ஊதிச் சாப்பிடுங்க. எப்படி? உப்பு கூடவா?

மாமனார்: இல்லை.

மாப்பிள்ளை: பச்சை வாடை?

மாமனார்: இல்லை. நல்லா இருக்கு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: நல்லா இருக்குங்கறதை ஏன் துக்கம் விசாரிக்கிற மாதிரி சொல்றீங்க?

மாமனார்: நிஜமாவே நல்லா இருக்கு. அவ தட்டுல ஒரு பொடி விட மாட்டா.

மாப்பிள்ளை: ஒண்ணு கேக்கட்டுமா? நான் பேசி அவ கேக்கலைன்னா, நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லுவீங்களா? ‘இங்கேயே இரு பாப்பா’ன்னு. உங்க சொல்லை அவ தட்ட மாட்டா.

மாமனார்: தட்ட மாட்டாதான்.

மாப்பிள்ளை: சொல்றீங்களா?

மாமனார்: ...மேல தட்டு போட்டு மூடி வைங்க. ஆறிடும்.

மாப்பிள்ளை: மூடினா ஈரம் விட்டு நமுத்துடும். மாமா, சொல்றீங்களா?

மாமனார்: பெல் அடிக்குது.

மாப்பிள்ளை: இன்னும் பத்து ஆகலையே!

மாமனார்: அவ எப்பவும் முன்னாடியே வந்துடுவா. போய்த் திறங்க.

மகள்: என்னங்க இது, வீடு பூரா புகை? மாடிப்படி வரைக்கும் வாடை வருது.

மாப்பிள்ளை: வா. உட்காரு. முதல்ல உட்காரு. பீரோ எங்கேயும் போகாது.

மகள்: பீரோவா? அது எதுக்கு... அப்பா, மூக்குல என்ன கரி?

மாமனார்: சட்டி தேய்ச்சேன்.

மாப்பிள்ளை: இந்தா. சூடா இருக்கு. கையில வாங்கிக்கோ. சாப்பிடு.

மகள்: நீங்களா செஞ்சீங்க?

மாப்பிள்ளை: நான்தான். மாமாவும் கூட இருந்தார்.

மகள்: உதவி பண்ணாரா?

மாப்பிள்ளை: கூட இருந்தார்.

மகள்: ...

மாப்பிள்ளை: இன்னும் கொஞ்சம் வெண்ணெய் வேணுமா?

மகள்: சும்மா இருங்க. சாப்பிடறேன்ல.

மாப்பிள்ளை: சாப்பிட்டுக்கிட்டே கேளு. அன்னைக்கு நீ சூடா கேட்டே. நான் பாக்கெட்டை வச்சிட்டுப் போனேன். ஏழு வருஷமா அப்படித்தான் ஒவ்வொண்ணா வச்சிட்டுப் போயிருக்கேன். தப்பு என்மேலதான். துணியை எடுத்துட்டுப் போகாதே. நீ இல்லாம எனக்கு இந்த வீட்ல இருக்கப் பிடிக்கலை. அவ்வளவுதான். இன்னும் நிறைய யோசிச்சு வச்சிருந்தேன், மறந்துபோச்சு.

மகள்: ஏங்க, இதைப் போன்ல சொல்றதுக்கு என்ன? தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடறீங்க. நான் ‘சொல்லுங்க’ங்கிறேன். அந்தப் பக்கம் மூச்சு சத்தமும் தையல் மிஷின் சத்தமும்தான் கேக்குது. ரெண்டு நிமிஷம் கழிச்சு வச்சுடறீங்க. பத்து நாளா அதேதான்.

மாமனார்: கூப்பிடவே இல்லைன்னார் என்கிட்ட.

மாப்பிள்ளை: ஒரு வார்த்தை பேசலை. அது கூப்பிட்ட கணக்காகுமா மாமா?

மகள்: எனக்கு ஆச்சு. அந்த மூச்சு சத்தத்துக்காகத்தான் திரும்பி வந்திருக்கேன். என் பெட்டி எங்கப்பா? ரூம்ல வச்சிட்டீங்களா?

மாப்பிள்ளை: என்ன பெட்டி?

மகள்: என் துணிப் பெட்டி. வீட்டுக்குத் திரும்பிப் போறேன்னு நேத்தே அப்பாகிட்ட சொல்லிட்டேனே. ‘கனமா இருக்கும், நீ தூக்காதே. காலையிலயே நான் கொண்டுபோய் வச்சிட்டு மாப்பிள்ளைகிட்ட விஷயத்தையும் சொல்லிடறேன், நீ பத்து மணிக்கு மெதுவா வா’ன்னார். சொல்லலையா?

மாப்பிள்ளை: திரும்பி... மாமா?

மாமனார்: பெட்டி கீழே வாட்ச்மேன் ரூம்ல இருக்கு.

மாப்பிள்ளை: துணிமணி எடுத்துட்டுப் போக வராள்னு சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க.

மாமனார்: சொன்னேன்.

மாப்பிள்ளை: அந்த அடுப்பு?

மாமனார்: வேணும்னுதான் கூட்டினேன். மிளகாய்த் தூளும் தெரிஞ்சேதான் எடுத்தேன். பன்னை ஊறப் போட்டது மட்டும் நிஜமாவே தெரியாம செஞ்சது.

மகள்: எனக்கு ஒண்ணும் புரியலை. ஏம்ப்பா இப்படி?

மாமனார்: கையில ஒண்ணும் இல்லைன்னா இவர் வாய் திறக்க மாட்டார். நீ துணி எடுக்க வந்திருக்கேன்னு நினைச்சு பேசாம பீரோ பக்கத்துல போய் நிப்பார். நீ கோவிச்சுக்கிட்டு என்கூடவே திரும்பி வந்துடுவேன்னு நினைச்சேன். எழுந்து வரும்போது இது தப்புன்னு தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்.

மகள்: நான் அங்க வந்து உட்கார்ந்துகிட்டா உங்களுக்கு என்னப்பா ஆகப்போகுது?

மாமனார்: உங்கம்மா நாலு வருஷமா என்கிட்ட நேரா பேசறதில்லை பாப்பா. சண்டை ஒண்ணும் இல்லை. சண்டைன்னா சமாதானமாவது பண்ணலாம். எப்படியோ குறைஞ்சு குறைஞ்சு இல்லாமப் போயிடுச்சு. தட்டு சத்தம் கேட்டா நானே வந்து உட்காருவேன். நீ வந்த அன்னைக்கு ராத்திரி, ‘அப்பாவை சாப்பிட வரச் சொல்லு’ன்னு உன்கிட்ட சொன்னா. நான் கொல்லையில கை கழுவிக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு. நீ வந்து கூப்பிடற வரைக்கும் அங்கேயே நின்னேன். பத்து நாளா மூணு வேளையும் சொன்னா. இனிமே அவ யார்கிட்ட சொல்லுவா?